கூன் போடாதேன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

இன்னிக்கு எபிசோட் என் வலது மணிக்கட்டுல இருந்து ஆரம்பிக்குது. போன வருஷம் ஒரு ரிலீஸ் நேரம். கழுத்து, தோள், மணிக்கட்டுன்னு வரிசையா வலி. நான் என்ன பண்ணேன்? மவுஸைத் தூக்கி இடது பக்கம் வெச்சேன். பிரச்சினை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் ஒரு நோட்டரியோட கதையைப் படிச்சேன். காலமெல்லாம் எழுதி எழுதியே அவரோட வலது கை செயலிழந்து போச்சு. மனுஷன் விடாம இடது கையால எழுதப் பழகினார். கொஞ்ச காலத்துல அந்தக் கைக்கும் அதே கதி. படிச்சதும் எனக்குப் பகீர்னு இருந்தது.

இதைப் பதிவு செஞ்சவர் பெர்னார்தினோ ரமாஸ்ஸினி. 1633-ல் பிறந்த இத்தாலிய மருத்துவர். தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி லத்தீன்ல ஒரு புத்தகம் எழுதி, 1700-ல் மோதேனா நகரத்துல வெளியிட்டார். நோயாளியிடம் கேட்கணும்னு ஹிப்போகிரட்டீஸ் காலத்துல இருந்து வந்த கேள்விகளோட, அவர் ஒண்ணே ஒண்ணைச் சேர்த்தார்: "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

சின்னக் கேள்விதான். ஆனா அது பார்வையையே மாத்திடுச்சு. திருவிழா ஊர்வலத்துல தையல்காரர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் முதுகு வளைஞ்சு, தோள் கூனி, நொண்டி நடந்து போறதை அவர் விவரிக்கிறார். பார்க்கிறவங்களுக்கு அது வேடிக்கை. அவருக்கு, நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்து செஞ்ச வேலையோட தடம்.

1713-ல் படுவாவில் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். அவங்க நோய்க்கு அவர் சொன்ன காரணங்கள் மூணு: ஓயாம உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைஞ்சுகிட்டே இருப்பது, தப்பு வந்துடக் கூடாதேன்னு மனசுக்கு வரும் அழுத்தம். இறகுப் பேனாவை எடுத்துட்டு கீபோர்டை வெச்சா, அது என்னோட டெஸ்க்!

சரி, நின்னுகிட்டே வேலை பார்த்தா? அதையும் அவர் விடலை. ரொம்ப நேரம் நிற்கிறவங்களுக்குக் கால் நரம்பு புடைக்கும், நடுநடுவுல உட்காரணும், நடக்கணும்னு எழுதினார். உட்கார்ந்தே இருக்கிறவங்க விடுமுறை நாள்லயாவது உடம்பை அசைக்கணும்னு சொன்னார். அதாவது, 'சரியான' ஒரு நிலையைத் தேடிப் பிடிச்சு அதுலயே உறைஞ்சு போறது தீர்வு இல்லை.

"கூன் போடாதே"ன்னு வீட்டுல கேட்டு வளர்ந்தவங்க நாம. வளைஞ்ச முதுகுன்னா சோம்பேறித்தனம்னு மனசுல பதிஞ்சிருக்கு. ரமாஸ்ஸினி திட்டலை, கேட்டார். நானும் என் டீம் லீடுகிட்ட கேட்டேன்: "ரெண்டு மணி நேர மீட்டிங்கை நடுவுல பத்து நிமிஷம் நிறுத்தலாமா?" அவர் உடனே எழுந்து நின்னுட்டார். அவருக்கும் இடுப்பு வலியாம்!

இதைக் கேட்டுகிட்டு இருக்கிற நீங்க, எவ்வளவு நேரமா ஒரே நிலையில இருக்கீங்க? எழுந்து ஒரு நடை நடந்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.