மடங்கிய சக்கரம்

காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் என்ன ஆகும்? சக்கரம் தொங்கும். அவ்வளவுதானே? பழைய செவ்ரலே கார்வேர் என்றால் அவ்வளவுதான் இல்லை. தொங்கும்போதே இரண்டு சக்கரத்தின் அடியும் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும்.

1960 மாடலாக ஜெனரல் மோட்டார்ஸ் இறக்கிய கார். எஞ்சின் பின்னால். ஸ்விங் ஆக்சில். அதாவது, அச்சுக்கு மூட்டு உள்பக்கம் மட்டும்தான், சக்கரத்தின் பக்கம் கிடையாது. எனவே சக்கரம் இறங்கினால் சாய்ந்தே தீரும். ஷெட்டில் பரவாயில்லை. வேகமாக வளைவில் திரும்பும்போது பின்பக்கம் எம்பினால்? ஓடுகிற வண்டியிலேயே மடங்கும். கார் சுழலும். சமயத்தில் குட்டிக்கரணம்!

முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் கம்பி போட்டிருந்தால் ஆபத்து குறைந்திருக்கும். போடவில்லை. செலவாச்சே! பதிலுக்கு, முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்றடிக்கச் சொன்னார்கள். (நானும் பி.காம்.தான். கணக்குப் பார்ப்பதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எத்தனை பேர் இதை ஞாபகம் வைத்து அடித்திருப்பார்கள்?) 1964-ல்தான் கம்பி வந்தது. கூடவே, பின்சக்கரங்களை அடக்கிப் பிடிக்க குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங்.

ரொம்ப லேட். 1965-ல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வக்கீல் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ புத்தகம் எழுதினார். முதல் அத்தியாயமே கார்வேர்தான். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? நாடரின் பின்னால் துப்பறியும் ஆட்களை அனுப்பியது! விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்சில் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் கமிட்டி முன்னால் மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாடர் போட்ட வழக்கில் 1970-ல் 4,25,000 டாலருக்கு சமரசம்.

1972-ல் அரசாங்க ஆய்வறிக்கை ஒன்று சொன்னது: ‘அந்தக் காலத்து மற்ற கார்களைவிட கார்வேர் ஒன்றும் மோசமில்லை.’ ஆனால் 1969-லேயே கார்வேர் தயாரிப்பை நிறுத்தியாகிவிட்டது.