பத்தாம் மரபு: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸும் பொதுப் பிரச்சினைகளும்

1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் கூடிய ஆறு குடிகாரர்கள், இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டனர். தையல், தச்சு, கொல்லு வேலை செய்து பிழைத்தவர்கள் அவர்கள். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் பெயரைத் தங்கள் சங்கத்துக்குச் சூட்டியதால் வாஷிங்டனியர் என்று அழைக்கப்பட்டனர்.

அதுவரை இருந்த மதுவிலக்குச் சங்கங்கள் பெரும்பாலும் குடிக்காதவரைக் குடியில் விழாமல் காப்பதிலேயே கருத்தாக இருந்தன. விழுந்தவரை மீட்க முடியும் என்ற நம்பிக்கை அவற்றுக்கு அதிகம் இல்லை. வாஷிங்டனியர் கூட்டத்தில் குடிகாரரே எழுந்து தம் கதையைச் சொன்னார். அதைக் கேட்ட இன்னொரு குடிகாரர் முன்வந்து கையெழுத்திட்டார். மதத்தையும் அரசியலையும் கூட்டத்துக்கு வெளியே நிறுத்துவது என்றும் தொடக்கத்தில் முடிவு செய்திருந்தனர். சங்கம் நகரம் நகரமாகப் பரவியது. 1842 பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கிளையில் உரையாற்றியவர் ஆபிரகாம் லிங்கன்.

பத்தாண்டுகளுக்குள் இயக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. குடியை அன்பாகப் பேசி நிறுத்துவதா, சட்டம் போட்டுத் தடுப்பதா என்ற சண்டை அதைப் பிளந்தது. அடிமை ஒழிப்பு போன்ற அக்கால விவாதங்களும் உள்ளே நுழைந்தன. உறுப்பினர் பலர் பிற மதுவிலக்கு அமைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தனர். அரசியல் மட்டுமே அதைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. கையெழுத்திட்ட மறுநாள் முதல் அந்த மனிதர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வாஷிங்டனியரிடம் தெளிவான வழிமுறை இருக்கவில்லை. கூட்டங்களின் புதுமையும் தேய்ந்துபோனது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1935இல், பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் சந்தித்தனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) பிறந்தது. நாடு தழுவிய மதுவிலக்குச் சட்டம் நீக்கப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்பது வீடுதோறும் சண்டை மூட்டிய கேள்வி. குடியை விட வந்தவரிடம் முதலில் இதைக் கேட்டிருந்தால் பாதிப்பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

தொடக்கத்தில் ஏ.ஏ. உறுப்பினர்கள் ஃபிராங்க் புக்மன் என்ற மதபோதகர் நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழுவுக்குள் இருந்தனர். 1936 ஆகஸ்டில் புக்மன் ஒரு நியூயார்க் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் ஹிட்லரைப் பாராட்டும் தொனியில் பேசியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. நியூயார்க் ஏ.ஏ. உறுப்பினர்கள் 1937இலும் ஒஹாயோ உறுப்பினர்கள் 1939 வாக்கிலும் அக்குழுவிலிருந்து விலகினர். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தலைவர் ஒருவரின் அரசியல் பேச்சு அமைப்பு முழுவதன் மீதும் எப்படிக் கறை பூசும் என்பதை அவர்கள் அருகிலிருந்தே பார்த்தார்கள்.

அடுத்த பாடம் நண்பர் வழியே வந்தது. ஏ.ஏ.வில் குடியிலிருந்து மீண்ட முதல் பெண்களுள் ஒருவரான மார்ட்டி மான், 1944இல் மதுநோய் பற்றிய கல்விக்காகத் தேசியக் குழு ஒன்றைத் தொடங்கினார். நல்ல நோக்கம்தான், வில்சன், ஸ்மித் இருவர் பெயரும் அதன் கடிதத்தாளில் அச்சாகியிருந்தன. 1946இல் அக்குழு நன்கொடை கேட்டுக் கடிதங்கள் அனுப்பியபோது, ஏ.ஏ.தான் பணம் திரட்டுகிறது என்று பலர் எண்ணினர். சலசலப்பு எழுந்தது, இருவரும் பெயர்களை விலக்கிக்கொண்டனர்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஏ.ஏ.வின் இதழான கிரேப்வைனில் பன்னிரண்டு மரபுகளின் முதல் வடிவம் வெளியானது. 1950இல் கிளீவ்லாந்து மாநாடு அவற்றை ஏற்றது. புறப் பிரச்சினைகளில் ஏ.ஏ.வுக்குக் கருத்து இல்லை, ஆகவே பொதுச் சர்ச்சையில் அதன் பெயர் இழுக்கப்படக் கூடாது என்பது பத்தாம் மரபின் சாரம். 1953இல் வெளிவந்த விளக்க நூலில் வில்சன் வாஷிங்டனியரையே எச்சரிக்கையாகக் காட்டினார். அவர் சொன்ன கதை சற்றுச் சுருக்கமானதுதான், ஆனால் தம் அமைப்புக்குத் தேவையான பகுதியை அவர் சரியாகவே எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் தோன்றிய நார்காட்டிக்ஸ் அனானிமஸும் இம்மரபைப் பின்பற்றியது.

இக்கட்டுப்பாடு அமைப்புக்குத்தான், உறுப்பினருக்கு அல்ல. உறுப்பினர் வாக்களிக்கலாம், கட்சியில் சேரலாம், ஊர்வலம் போகலாம், ஏ.ஏ. பெயரில் மட்டும் செய்யக் கூடாது. தமிழ்நாட்டில் இயங்கும் ஏ.ஏ. குழுக்களுக்கும் இதுவே விதி. டாஸ்மாக் கடைகளை மூட வேண்டுமா என்பதில் அமைப்புக்குக் கருத்து கிடையாது. குடியால் நொறுங்கிய குடும்பத்தார் இந்த மௌனத்தைக் கேட்டுக் கோபப்படுவது இயல்பே.

மௌனத்துக்கு விலையும் உண்டு. குடிநோயாளிகளுக்குச் சிறைக்குப் பதில் சிகிச்சை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, அதை அனுபவத்தால் நன்கறிந்த அமைப்பு வாய் திறக்க முடியாத நிலையில் இருந்தது. 1969 ஜூலையில் அமெரிக்க செனட் துணைக்குழு இது குறித்து விசாரணை நடத்தியது. தலைமை வகித்த செனட்டர் ஹெரால்டு ஹியூஸ் தாமே குடியிலிருந்து மீண்டவர். அதை வெளிப்படையாகச் சொன்னவர். சாட்சி சொல்லப் பில் வில்சனும் வந்தார். அவர் முகத்தைப் படமெடுக்க அனுமதிக்கப்படவில்லை. மார்ட்டி மானும் சாட்சியமளித்தார். மதுநோய் ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் மத்திய அரசின் நிதி வழங்கும் சட்டம் 1970 டிசம்பர் 31 அன்று கையெழுத்தானது. அதை ஆதரித்தோ எதிர்த்தோ ஏ.ஏ. தீர்மானம் எதுவும் நிறைவேற்றவில்லை.