ஒற்றியிலிருந்து பராட்டே வரை

ஈடு என்பது வெறும் சட்டச் சொல்லன்று. கடன் கொடுத்தோருக்கும் பெற்றோருக்குமிடையே நிலவும் சமூக உறவின் வெளிப்பாடாகும். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையில் இடம்பெறும் ஒற்றிமுறைப்படி, கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவை அனுபவித்தார். முதல் செலுத்தப்பட்டதும் நிலம் மீண்டது. எனினும் இதனைப் பொற்காலமாகக் கொள்வதற்கில்லை. அதே தொகுப்பு அடிமைமுறையையும் விதிப்படுத்தியது. நிலமற்றோருக்கு ஒற்றி வைக்க எதுவுமிருக்கவில்லை.

ஆங்கிலேயராட்சியில் நிலம் சந்தைப் பண்டமாக மாற, விளைவைக் காட்டிலும் விலையே கடனுக்குப் பிணையாயிற்று. 1949ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டப்படி, கடன் கொடுத்தவர் வழக்குத் தொடர்ந்து தீர்ப்புப் பெற்ற பின்னரே ஈட்டுச் சொத்தை விற்பிக்கலாம். வழக்கின் தாமதம் வங்கிகளுக்கு நட்டம். கடனாளிக்கோ அதுவே அவகாசம்.

அரச வங்கிகள் முன்னரே பெற்றிருந்த, நீதிமன்றத் தீர்ப்பின்றி விற்கும் பராட்டே அதிகாரத்தை 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் தனியார் வர்த்தக வங்கிகளுக்கும் விரித்தது. தவணை தவறியதும் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றும். அது வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளிவரும். பின்னர் பகிரங்க ஏலம். அதற்குமுன் நிலுவை முழுவதையும் செலவுகளையும் செலுத்தினாலன்றி வீடு மீளாது. வங்கியின் கணக்கை மறுப்பதாயின், நீதிமன்றம் செல்லவேண்டியவர் கடனாளியே. வழக்காளியே தீர்ப்பாளியாகும் நிலை இதுவெனலாம்.

2022இன் பொருளாதார நெருக்கடியையும் சிறு, நடுத்தர முயற்சியாளரின் கோரிக்கைகளையும் அடுத்து, 2024இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. சட்டம் வர்க்க நலன்களுக்கு அப்பாற்பட்டதன்று. மக்களின் எதிர்ப்புக்கு அப்பாற்பட்டதுமன்று.