தாளில் ஏறியதும் ஏறாததும்: கூடைப்பந்து வீரரை எண்களால் மதிப்பிடும் முறையின் வளர்ச்சியும் திருச்சிக்கு அதன் பயனும்

முன்னுரை

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, திருச்சிக் கல்லூரி மைதானத்துக்கு விடியற்காலையில் பயிற்சிக்கு வரும் மாணவருக்குக் கூடைப்பந்து பொழுதுபோக்கு மட்டும் ஆகாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், பிற்பாடு ரயில்வேயில் ஒரு வேலை என அவர் வாழ்க்கையே அந்த ஆட்டத்தை நம்பி நிற்கலாம். ஆகவே அவர் திறமையை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது நீதி சார்ந்த கேள்வி. ஆட்டக் கணக்கு வளர்ந்த வரலாற்றைத் தொடர்ந்து சென்று, அதன் நவீன வடிவங்கள் திருச்சிக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தாளில் ஏறிய வரிசை

1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிய இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியே உலகெங்கும் சென்றது. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் நவீன விளையாட்டுகளைத் தமிழகப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தார்கள். 1934-இல் இந்தியாவின் முதல் தேசியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் நடந்தது. 1950-இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அமைந்தது.

ஆட்டம் பரவிய வேகத்தில் கணக்கு வளரவில்லை. அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வில்கூட, தவறிய ஷாட்டின் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டுகளை எண்ணத் தொடங்கியது 1950-51 பருவத்தில்தான். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீலும், ஷாட்டைத் தடுக்கும் பிளாக்கும் 1973-74-இல் சேர்ந்தன. பந்தை எதிரணியிடம் இழக்கும் டர்ன்ஓவர் ஒவ்வொரு வீரருக்கும் 1977-78-இல் சேர்ந்தது. இதன் விளைவை ஒருவரிடமே காணலாம். 13 பருவங்களில் 11 பட்டங்கள் வென்ற பில் ரஸ்ஸல், பிளாக்குக்கே பெயர்போனவர். அவர் 1969-இல் ஓய்வு பெற்றார். அவர் எத்தனை பிளாக் செய்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. ஆட்டத்தின் தலைசிறந்த தடுப்பாளரின் முதன்மைத் திறமையே தாளில் ஏறவில்லை.

2. மொத்தத்திலிருந்து விகிதத்துக்கு

அடுத்த மாற்றம் எண்ணும் முறையில் வந்தது. ஓர் ஆட்டத்தில் எடுத்த மொத்தப் புள்ளிகளை விட, பந்து கைக்கு வந்த ஒவ்வொரு வாய்ப்புக்கும் எத்தனை புள்ளி என்பதே உண்மையான அளவு என்ற கருத்தைப் பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்வயரின் 1959ஆம் ஆண்டு நூலிலேயே காண்கிறோம். அந்தக் கருத்தை 2004-இல் ஆய்வாளர் டீன் ஆலிவர் தம் நூலில் முழுமையான ஆய்வுமுறையாக வளர்த்தார்.

இதன் பயனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒருவர் 22 ஷாட்டும் 4 ஃப்ரீ த்ரோவும் எடுத்து 20 புள்ளி பெறுகிறார். இன்னொருவர் 9 ஷாட்டும் 4 ஃப்ரீ த்ரோவும் எடுத்து 14 புள்ளி பெறுகிறார். மறுநாள் எல்லோரும் பேசுவது 20 புள்ளிக்காரரைப் பற்றித்தான். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கி ஷாட்டுகளுடன் கூட்டி, அதன் இருமடங்கால் புள்ளிகளை வகுத்தால், முதலாமவரின் திறன் ஏறத்தாழ 42 விழுக்காடு, இரண்டாமவருடையது 65. முதலாமவர் அணியின் வாய்ப்புகளைச் செலவழித்தார். இரண்டாமவர் அவற்றைப் புள்ளியாக்கினார்.

ஆனால் அந்த 0.44 என்.பி.ஏ. ஆட்டங்களிலிருந்து பெற்ற எண். அங்கே ஆட்டம் 48 நிமிடம். நாம் ஆடும், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளில் 40. ஃபவுல் விதிகளும் வேறு. கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண்ணை இங்கே சரிபார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

3. ஐவரில் ஒருவரைப் பிரிப்பது

ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று பார்ப்பது பிளஸ்-மைனஸ். ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஷேன் பாட்டியரை உலகம் கவனித்தது இதனால்தான். அவருடைய புள்ளிகள் சொற்பம். ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது அணி சிறப்பாக ஆடியது. எதிராளியை, அந்த எதிராளிக்கே சரிவராத இடத்திலிருந்து ஷாட் எடுக்க வைப்பது கணக்குத் தாளின் எந்தக் கட்டத்திலும் ஏறாத வேலை. 2009-இல் எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் எழுதிய நெடுங்கட்டுரை அதை வாசகர்களிடம் கொண்டு சென்றது.

உடன் ஆடுபவர், எதிர்த்து ஆடுபவர் ஆகியோரின் தாக்கத்தைப் பின்னடைவுப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறையால் கழிக்கும் வழிகளும் உண்டு. அவற்றுக்கு ஆட்கள் மாறிமாறிக் களமிறங்கும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். கல்லூரி அணியில் முதல் ஐவர் பெரும்பாலும் சேர்ந்தே ஆடுகிறார்கள். எப்போதும் இணைந்தே நிற்கும் இருவரில் யாரால் வெற்றி என்பதை எந்தச் சூத்திரமும் பிரித்துச் சொல்லாது.

4. திருச்சி மேசையில் இருக்கும் தாள்

ஃபிபாவின் ஸ்கோர் ஷீட்டில் வீரரைப் பற்றி ஏறுபவை மூன்று: அவர் களமிறங்கினாரா, எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை ஃபவுல் செய்தார். தவறவிட்ட ஷாட், ரீபவுண்ட், சக வீரரின் புள்ளிக்கு வழிசெய்யும் அசிஸ்ட், டர்ன்ஓவர் எவற்றுக்கும் அதில் இடமில்லை. மாவட்ட, மண்டல ஆட்டங்களில் பெரும்பாலும் இந்தத் தாளே ஒரே சான்று. ரீபவுண்டுக்குப் பாய்ந்து பாய்ந்து மூச்சு வாங்கியவர் அதில் ஃபவுல் செய்தவராக மட்டுமே பதிவாகிறார்.

பதிவு முழுமையாக இருந்தாலும் ஒரு வரம்பு உண்டு. மூன்று புள்ளி ஷாட்டில் 35 விழுக்காடு திறனுள்ளவர் ஒரு போட்டித்தொடரில் 20 ஷாட் எடுத்தால், தற்செயலாலேயே அவர் விகிதம் 24-க்கும் 46-க்கும் இடையே எளிதில் ஊசலாடும். 100 ஷாட் ஆனால் ஊசலாட்டம் இருபுறமும் ஏறத்தாழ 5 விழுக்காடாகச் சுருங்கும். ஒரு வாரத் தொடரை வைத்து ஒருவரை ஒதுக்குவது அறிவியல் ஆகாது.

5. கல்வெட்டு கற்பிப்பது

பதிவைப் படிக்கும் பண்பை ஸ்ரீரங்கம் நமக்கு ஏற்கெனவே கற்றுத்தந்திருக்கிறது. அரங்கநாதர் கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் நிலமும் பொன்னும் விளக்கும் கொடுத்தவர்களைப் பேசுகின்றன. அந்த விளக்கில் நாள்தோறும் திரி இட்டவரைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. அதனால் வரலாற்றாசிரியர் கல்வெட்டை ஒதுக்குவதும் இல்லை. கோயிலின் கதை அவ்வளவுதான் என்று முடிப்பதும் இல்லை. எதற்காக வெட்டினார்கள் என்று கேட்டுப் படிக்கிறார். ஆட்டக் கணக்கையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

முடிவுரை

புதிய அளவைகளின் முதன்மைப் பயன், கண்ணை ஏமாற்றும் புள்ளி எண்ணிக்கையைத் திருத்துவது. அவற்றின் முதன்மை வரம்பு, எழுதாததையும் குறைவாக எழுதியதையும் அவற்றால் அளக்க முடியாது என்பது. ஆகவே திருச்சிக்கு இன்று முதலில் வேண்டியது சூத்திரம் அல்ல, பதிவேடு. ஒவ்வோர் ஆட்டத்திலும் மேசையருகே ஒரு மாணவர் அமர்ந்து, தவறிய ஷாட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், டர்ன்ஓவர் என ஐந்து கட்டங்களை நிரப்பட்டும். ஒரே தொடரோடு நிறுத்தாமல் அதை மூன்று ஆண்டுகள் சேர்க்கட்டும். தேர்வு நாளில் பயிற்சியாளரின் கண் கண்டதும் அந்தப் பதிவேடும் அருகருகே இருக்கட்டும். இரண்டும் முரண்படும் வீரரை இன்னொரு ஆட்டம் ஆட வைத்துப் பார்ப்பதே, பாலம் தாண்டி வந்த அந்த மாணவருக்கு நாம் செய்யக்கூடிய நியாயம்.