யார் ஏற்றிய விளக்கு?

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலே, புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். அங்கே பொதுவாக 'விளக்கு' என்று எதுவுமில்லை. பூ விற்போர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, அப்பம் விற்போர் விளக்கு, மீன்பிடி படகின் விளக்கு என ஒவ்வொன்றும் அதனை ஏற்றிவைத்துத் தொழில் செய்தவரின் பெயரோடு நிற்கிறது. வகுப்பிலே அப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நமக்கு வேறொரு நகரத்தின் நினைவு வருவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் இரவு நகரம் எப்படித் தோன்றவேண்டும் என்று உலகிற்கே இலக்கணம் வகுத்த நியூயோர்க் அது. அதன் உச்சிகளில் எரிந்த விளக்குகள் எவருடையவை என்ற கேள்வியை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம்.

தையல் இயந்திரத்தால் நம் ஊர்களிலும் நன்கு அறிமுகமான சிங்கர் நிறுவனம், 1908ஆம் ஆண்டில் அந்நகரிலே 47 மாடிக் கோபுரமொன்றை எழுப்பி, இரவிலும் அது கண்ணிற்படுமாறு ஒளிபாய்ச்சியது. ஐந்தாண்டுகள் கழித்து வூல்வேர்த் கட்டடம் அதனை விஞ்சியது. ஐந்து சதத்துக்கும் பத்துச் சதத்துக்கும் பொருள் விற்ற கடைகளால் செல்வம் திரட்டிய பிராங்க் வூல்வேர்த், 135 இலட்சம் டொலரைத் தம் கையிலிருந்தே கொடுத்து அதனைக் கட்டுவித்தார். 1913 ஏப்ரல் 24ஆம் திகதி மாலை, ஜனாதிபதி வில்சன் வாஷிங்டனிலிருந்தவாறே ஒரு பொத்தானை அழுத்த, 80,000 மின்குமிழ்கள் ஒருசேர ஒளிர்ந்தன. கட்டடக் கலைஞர் காஸ் கில்பேர்ட் அதற்கு ஐரோப்பிய மத்தியகாலத் தேவாலயங்களின் கோதிக் கோலத்தைக் கொடுத்திருந்தார். 'வணிகத்தின் பேராலயம்' என்று அதற்குப் பெயரும் வந்தது. அந்த ஆலயத்துக்குக் காணிக்கை செலுத்தியோர் யார் என்பது 1937ஆம் ஆண்டிலே டிட்ரொயிட் நகரில் ஓரளவு தெரியவந்தது. அங்கிருந்த வூல்வேர்த் கடையின் விற்பனைப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கடைக்குள்ளேயே ஏழு நாள் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் சங்க அங்கீகாரமும் பெற்றனர்.

இனி அக்கட்டடங்களின் வடிவத்தை நோக்குவோம். படிப்படியாக உள்வாங்கி மேலே ஊசிபோல் ஒடுங்கும் அந்த உருவத்தைக் கலைஞரின் கற்பனை என்றே பலரும் கருதுகின்றனர். அதன் மூலம் ஒரு நிழல். 1915இல் கட்டிமுடிக்கப்பெற்ற எக்குவிற்றபிள் கட்டடம் 38 மாடிகளையும் வீதியோரத்திலிருந்தே செங்குத்தாக எழுப்பி, சுற்றிலும் ஏழு ஏக்கர் பரப்பில் நிழலை விழுத்தியது. அயற் கட்டடங்களின் சொந்தக்காரர் கொதித்தெழுந்தனர். ஐந்தாம் அவெனியூவின் பெருவணிகருக்கோ வேறொரு கவலை. நண்பகலில் உணவுக்காக வீதிக்கு வரும் தையற் தொழிலாளரின் கூட்டம் தம் வாடிக்கையாளரை விரட்டுகிறதென்றும், தொழிற்கூடங்களை அவ்விடத்தில் அனுமதிக்கக் கூடாதென்றும் அவர்கள் இயக்கம் நடத்தினர். இவ்விரு கவலைகளுக்கும் இடங்கொடுத்துப் பிறந்ததே 1916ஆம் ஆண்டின் நகர வலயச் சட்டம். குறித்த உயரத்துக்கு மேலே கட்டடம் உள்வாங்க வேண்டும். நிலப்பரப்பின் காற்பங்கின்மீது மட்டும் எவ்வளவு உயரத்துக்கும் கோபுரம் எழுப்பலாம். இவ்வாறு உண்டான படிகளிலேதான் பின்னர் ஒளிவீசும் விளக்குகளை மறைத்துவைத்து மேனோக்கிப் பாய்ச்சினர். பகலொளியைப் பற்றிய வழக்கு இரவொளிக்கு மேடை அமைத்துக் கொடுத்தது!

அதே ஐந்தாம் அவெனியூவில் எழுந்தது எம்பயர் ஸ்டேட் கட்டடம். அதன் முதலாளிகளுள் முதன்மையானவராகிய ஜோன் றாஸ்கொப், எல்லோரும் பணக்காரராக வேண்டும் என்ற பொருளில் 1929 ஓகஸ்டில் ஒரு சஞ்சிகையிலே உபதேசம் செய்தவர். ஒக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்தது. ஆயினும் வேலை நிற்கவில்லை. 1930 மார்ச்சில் தொடங்கி, வாரத்துக்கு நாலரை மாடி என்ற வேகத்தில் உருக்குச் சட்டகம் உயர்ந்தது. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 3,400 தொழிலாளர் அங்கே நின்றனர். மோஹோக் பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். உயிரிழந்தோர் ஐவர் என்பது உத்தியோகபூர்வக் கணக்கு. அவ்வேலையைப் படம்பிடிக்க நியமிக்கப்பட்ட லூயிஸ் ஹைன் முன்னாட் பள்ளி ஆசிரியர். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வாடிய சிறுவர்களைப் படமெடுத்து நாட்டின் மனச்சாட்சியைத் தொட்டவர். அந்தரத்தில் நின்று ஆணி அறைந்த மனிதரின் முகங்கள் இன்று நமக்குக் கிடைப்பது அவராலேயாகும். அவரோ 1940இல் வறுமையிலே மறைந்தார்.

திறப்புவிழா 1931 மே மாதம் முதலாந் திகதி, அதாவது தொழிலாளர் தினத்தன்று! இம்முறை பொத்தானை அழுத்தியவர் ஜனாதிபதி ஹூவர். 102 மாடிகளில் ஏறத்தாழக் காற்பங்குக்கே வாடகைக்காரர் கிடைத்தனர். நகர மக்கள் 'எம்பயர்' என்பதை 'எம்ப்டி', அதாவது 'வெற்று', என மாற்றிக் கேலி செய்தனர். ஆளில்லாத மேல்மாடிகளிலே இரவில் விளக்குகளை எரியவிட்டு, அங்கே ஆட்கள் இருப்பதுபோலக் காட்டினர் உரிமையாளர். உச்சியிலிருந்து நகரைப் பார்க்க வந்தோரின் நுழைவுச்சீட்டுப் பணமே முதலாண்டில் வாடகைக்கு ஈடாக இருந்தது. அதே காலத்தில், சென்றல் பார்க்கில் நீர் வற்றவிடப்பட்ட தேக்கத்தினுள்ளே வேலையற்றோர் பலகையும் தகரமும் பொறுக்கிக் குடிசைகள் போட்டு வாழ்ந்தனர். அவற்றுக்கு ஹூவரின் பெயரையே மக்கள் சூட்டினர். ஆளில்லாத அறைக்கு விளக்கும், ஆளுள்ள குடிசைக்கு இருளும்! 1932 நவம்பரில் ரூஸ்வெல்ட் வென்ற செய்தியை அறிவித்தது அக்கட்டடத்தின் உச்சியிலிருந்த ஒளிக்கற்றையே என்பது சரித்திரத்தின் குறும்பு.

இவ்வாறெல்லாம் கூறுவதால், அவ்வொளியில் அழகே இல்லை என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். அழகென்றாலே ஐயுறும் நண்பர்கள் நம் அணியிலும் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. 1930இல் நிறைவெய்திய கிறைஸ்லர் கட்டடத்தின் முடியைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். வளைவுகளினூடே முக்கோண யன்னல்கள். அவற்றின் ஓரங்களில் விளக்கேற்ற வேண்டுமென்பது கலைஞர் வில்லியம் வான் அலனின் திட்டம். தமக்குரிய கட்டணத்துக்காகவே அவர் கிறைஸ்லர்மீது வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. அதன் பின்னர் அவருக்குப் பெரிய வேலைகள் வாய்க்கவில்லை. 1954இல் அவர் இறந்தார். அவர் எண்ணிய விளக்குகள் எரிந்தது 1981இல்.

உச்சி விளக்குகளைத் தவிர வேறு விளக்குகளும் அங்கே உண்டு. அலுவலகங்கள் மூடப்பட்ட பின்னர், மாடிக்கு மாடி யன்னல்கள் ஒளிர்ந்து அணைவது தரை துடைக்கும் பெண்கள் வேலை செய்துகொண்டு போவதன் அடையாளம். 1936 மார்ச்சு முதலாந் திகதி மின்தூக்கி இயக்குவோரும் வாயில் காப்போரும் துப்புரவுத் தொழிலாளரும் நியூயோர்க்கின் பல்லாயிரம் கட்டடங்களில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மேயர் லாகார்டியா அவசரநிலை பிரகடனஞ் செய்தார். வானளாவி நின்ற மாளிகைகளின் உயர்ந்த மாடிகளில் வாழ்ந்தோரும் பணிசெய்தோரும், ஏறத்தாழ இரண்டு வாரங்கள் படிகளைக் கால்களால் எண்ணியவாறு ஏறி இறங்கினர்.