எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது?

1930-ல் ஆகாகான் பரிசுக்காக, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டும் போட்டி நடந்தது. இங்கிலாந்தில் இருந்து வந்த ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர், எகிப்தின் அபூகீரில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டார். (பெயரில் எஞ்சினியர் இருந்து என்ன பயன்!) எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஜே.ஆர்.டி. டாட்டா தன்னிடம் உபரியாக இருந்த பிளக்குகளைக் கொடுத்தார். கடைசியில் ஜெயித்தது ஆஸ்பி.

1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் சேவை தொடங்கியபோது, நெவில் வின்சென்ட் பம்பாயில் இருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்ததும் ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தில்தான்.

எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாது. செஸ்னா 172 விமானம் 1000 மீட்டர் உயரத்தில் இருந்து சுமார் 9 கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே போகும். கையில் இருப்பது நாலைந்து நிமிடம். அதற்குள் இடம் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கும் சமவெளிதானே என்று தோன்றும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். அறுவடை முடிந்து காய்ந்த வயல் பரவாயில்லை, அதிலும் வரப்பு தடுக்கும். மின்கம்பியோ மேலே இருந்து கண்ணுக்கே தெரியாது.

2025 நவம்பர் 13, அதாவது ஐப்பசிக் கடைசி. சேலத்தில் இருந்து கிளம்பிய செஸ்னா 172 பயிற்சி விமானம் நடுவானில் பழுதானது. தஞ்சைக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், விஜயாலய சோழீஸ்வரம் இருக்கும் அதே நார்த்தாமலை அருகே, அது இறங்கியது வயலில் அல்ல, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில். உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினார்கள்.