நேப்பியர் குடும்பம்: மெர்ச்சிஸ்டன் வம்சாவளி

நேப்பியர் குடும்பம் ஸ்காட்லாந்தின் பழைய பிரபுக் குடும்பங்களில் ஒன்று. எடின்பரோ நகரை ஒட்டிய மெர்ச்சிஸ்டன் கோட்டை இதன் பூர்விகம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனின் தரைப்படைக்கும் கடற்படைக்கும் அதிகாரிகளைத் தலைமுறை தவறாமல் தந்த குடும்பம் இது. மடக்கையைக் கண்டறிந்த ஜான் நேப்பியர், சிந்துவைக் கைப்பற்றிய தளபதி சார்லஸ் ஜேம்ஸ் நேப்பியர், அட்மிரல் சர் சார்லஸ் நேப்பியர், சென்னை மாகாண ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நேப்பியர் ஆகிய நால்வரும் இந்த ஒரே வம்சாவளியில் வருகிறார்கள்.

ஆனால் ஜான் நேப்பியருக்கும் பின்னால் சொன்ன மூவருக்கும் இடையே தந்தை வழியில் தொடர்ச்சி கிடையாது. ஆண்வழியில் பார்த்தால் அந்த மூவரும் ஸ்காட் என்ற வேறொரு குடும்பத்தின் பிள்ளைகள். நேப்பியர் என்ற பெயர் ஒரு பாட்டியிடமிருந்து பேரனுக்கு வந்தது. தந்தை, மகன், பேரன் என்று மட்டும் எழுதிப் போகும் பரம்பரை நூல்களை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இதன் பெயரையும் பட்டத்தையும் அரச ரத்தத்தையும் அரும்பொருளையும் சுமந்து வந்தவர்கள் பெண்கள்.

மெர்ச்சிஸ்டன் காலம்

ஆங்கிலேயருடன் ஸ்காட்லாந்து நடத்திய போர்களில் இந்தக் குடும்பம் தலைகளைக் கொடுத்திருக்கிறது. 1513இல் ஃபிளாடன் போரில் ஒரு அலெக்சாண்டர் நேப்பியர் இறந்தார். 1547இல் பிங்கி போரில் அவருடைய மகன், அதே பெயர் கொண்டவர், இறந்தார். அந்த மகனின் பேரன்தான் கணித மேதை ஜான் நேப்பியர் (1550–1617). மடக்கை அட்டவணையை விளக்கும் அவரது லத்தீன் நூல் 1614இல் வெளிவந்தது. பெருக்கலைக் கூட்டலாகச் சுருக்கிய அந்த முறை வானியலாளர்களுக்கும் மாலுமிகளுக்கும் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தியது. ஜான் போர்க்கருவிகளிலும் நாட்டம் கொண்டவர். ஸ்பெயின் படையெடுத்து வரலாம் என்ற அச்சம் நிலவிய 1596இல், எதிரிக் கப்பல்களைத் தூரத்திலிருந்தே எரிக்கும் கண்ணாடி உள்ளிட்ட சில கருவிகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அவர் வாழ்ந்த கோபுரம் இன்று எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்கிறது.

ஜானின் மகன் ஆர்ச்சிபால்டு 1627இல் முதல் நேப்பியர் பிரபுவானார். அவர் மனைவி மார்கரெட் கிரகாம், மான்ட்ரோஸ் மார்க்விஸின் சகோதரி. உள்நாட்டுப் போரில் அரசர் முதலாம் சார்லஸின் பக்கம் நின்று போரிட்ட மான்ட்ரோஸ் 1650இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். தாய்மாமனுடன் களத்தில் நின்ற இரண்டாம் நேப்பியர் பிரபு நாடுகடந்து வாழ்ந்து இறந்தார். அவருடைய மனைவி, மான்ட்ரோஸின் சிதைந்த உடலிலிருந்து இதயத்தை எடுக்கச் செய்து, பதப்படுத்தி வைத்துக்கொண்டார் என்பது குடும்ப வழக்கு. அந்த இதயத்தின் கதை பின்னால் மதுரைக்கு வரும்.

பெயர் கைமாறியது

மூன்றாம் பிரபு ஆர்ச்சிபால்டு மணம் செய்துகொள்ளவில்லை. தன்னோடு பட்டம் முடிந்துவிடக் கூடாது என்று 1677இல் அதை அரசரிடம் ஒப்படைத்து, சகோதரிகளின் வாரிசுகளுக்கும் செல்லும்படி புதிய சாசனம் பெற்றார். இந்தக் குடும்ப வரலாற்றில் எந்தப் போரையும்விட முக்கியமான செயல் இது. 1683இல் அவர் இறந்ததும் பட்டம் ஒரு சகோதரியின் மகனுக்குப் போனது. சிறுவனான அவர் மூன்றே ஆண்டுகளில் இறந்துபோக, ஆர்ச்சிபால்டின் இன்னொரு சகோதரி மார்கரெட் தாமே பட்டத்துக்கு உரியவரானார். மார்கரெட்டின் மகள் எலிசபெத் தர்ல்ஸ்டேன் ஊரின் சர் வில்லியம் ஸ்காட்டை மணந்தார். ஆனால் தாய்க்கு முன்பே கண்மூடினார். 1706இல் மார்கரெட்டும் இறந்தபோது, எலிசபெத்தின் மகன் பிரான்சிஸ் ஸ்காட் சிறு வயதிலேயே ஆறாம் நேப்பியர் பிரபுவானார். பின்னர் பெயரையும் நேப்பியர் என்று மாற்றிக்கொண்டார்.

தந்தை வழியில் அவர் பெற்றதும் சாதாரணமானதல்ல. தர்ல்ஸ்டேன் ஸ்காட்டுகள் எல்லைப்புறத்து எட்ரிக் பள்ளத்தாக்கின் வீரக் குடும்பம். 1542இல் அரசர் ஐந்தாம் ஜேம்ஸ் படையெடுக்க அழைத்தபோது மற்ற பிரபுக்கள் பின்வாங்க, ஜான் ஸ்காட் ஒருவரே உடன்வர முன்வந்தார் என்பது அவர்களது மரபுக்கதை. அதற்குப் பரிசாகவே குடும்பச் சின்னத்தில் ஈட்டிக் கட்டு இடம்பெற்றதாம்.

ஆறாம் பிரபு இருமுறை மணந்தவர். 18, 19ஆம் நூற்றாண்டு நேப்பியர்களின் படைவரலாறு இவருடைய பிள்ளைகளிலிருந்து கிளைக்கிறது. மூத்த தாரத்தின் முதல் மகன் வழியில் பிரபுப் பட்டம் சென்றது. இரண்டாம் மகன், கடற்படை கேப்டன் சார்லஸ் நேப்பியர் வழியில் அட்மிரல் பிறந்தார். இளைய தாரத்தின் மகன் கர்னல் ஜார்ஜ் நேப்பியர் (1751–1804) வழியில் தரைப்படைச் சகோதரர்கள் பிறந்தார்கள். இளைய தாரத்து மகள் ஹெஸ்டர் இந்தியாவுக்கு வந்தார்.

சாரா லெனாக்ஸின் பிள்ளைகள்

கர்னல் ஜார்ஜ் 1781இல் மணந்த சாரா லெனாக்ஸ் (1745–1826) ரிச்மண்ட் கோமகனின் மகள். அரசர் இரண்டாம் சார்லஸின் கொள்ளுப்பேத்தி. இளமையில் மூன்றாம் ஜார்ஜ் அரசரே மணக்க விரும்பிய பெண். அது நடக்கவில்லை. வேறொருவரை மணந்து, அந்த மணம் முறிந்து, ஊரார் பழிச்சொல்லுக்கு ஆளாகி, விவாகரத்தும் பெற்ற பிறகே ஜார்ஜ் நேப்பியரின் கைப்பிடித்தார். பிள்ளைகள் வளர்ந்தது அயர்லாந்தின் செல்பிரிட்ஜில். அரசியல் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸும், 1798 ஐரியக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவராகச் சிறையில் உயிர்விட்ட எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் சாராவின் அக்காமார் பிள்ளைகள். அரசரின் சீருடையை அணிந்தும் ஆட்சியாளர்களை நம்பாத ஒரு மனப்பாங்கு நேப்பியர் சகோதரர்களிடம் கடைசிவரை இருந்தது. அது தாய்வீட்டுச் சீதனம் என்றே சொல்ல வேண்டும்.

ஐந்து மகன்களில் மூவர் தரைப்படைக்கும் ஒருவர் கடற்படைக்கும் சென்றனர். ரிச்சர்ட் சட்டம் படித்தார். மூத்தவர் சார்லஸ் ஜேம்ஸுக்கு (1782–1853) 12 வயது நிறையும் முன்பே படையில் பதவி எழுதப்பட்டது. ஜார்ஜ் தாமஸ் (1784–1855), வில்லியம் (1785–1860) இருவரும் அவரைப் பின்தொடர்ந்தனர். நெப்போலியனுக்கு எதிராக ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த தீபகற்பப் போர் இந்த மூவரின் உடலிலும் எழுதப்பட்டிருக்கிறது. 1809 ஜனவரியில் கொருன்னாவில் சார்லஸ் பல காயங்களுடன் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டார்; வீட்டார் அவர் இறந்துவிட்டதாகவே நினைத்தனர். அடுத்த ஆண்டு புசாக்கோவில் குண்டு பாய்ந்து அவரது தாடை நொறுங்கியது. கப்பல் பணி இல்லாமல் அரைச் சம்பளத்தில் இருந்த பெரியப்பா மகன், பிற்கால அட்மிரல் சார்லஸ், உறவினர்களைப் பார்க்க வந்த இடத்தில் அதே போரில் தன்னார்வமாகச் சேர்ந்துகொண்டார். 1811 மார்ச்சில், காயம் ஆறியும் ஆறாமலும் படையைத் தேடிக் குதிரையில் விரைந்த சார்லஸுக்கு எதிரே இரண்டு தூளிகள் வந்தன. ஒன்றில் ஜார்ஜ், மற்றதில் வில்லியம். காசல் நோவோ சண்டையில் இருவரும் ஒரே நாளில் அடிபட்டிருந்தார்கள். வில்லியமின் முதுகெலும்பருகே பாய்ந்த குண்டு ஆயுள் முழுதும் உள்ளேயே தங்கியது. ஜார்ஜ் 1812இல் சியுதாத் ரொத்ரிகோ கோட்டையைத் தாக்கியபோது வலக்கையை இழந்தார். பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்கு ஆளுநரானார்.

வில்லியம் எழுதிய தீபகற்பப் போர் வரலாறு ஆறு தொகுதிகளாக 1828 முதல் 1840 வரை வெளிவந்தது. பிரெஞ்சுத் தரப்பின் சங்கேதக் கடிதங்களைப் படித்தறிந்து கொடுத்தவர் அவர் மனைவி கரோலின். அந்த உழைப்பு இல்லாமல் நூல் அந்த உருவில் வந்திருக்காது. கடற்படையில் கேப்டனான இளையவர் ஹென்றியும் வரலாற்றாசிரியரே. ஃபிளாரன்ஸ் நகரின் வரலாற்றை ஆறு தொகுதிகளில் எழுதினார்.

சார்லஸ் ஜேம்ஸ் 1843இல் மியானி, தப்பா என்ற இரு போர்களில் சிந்துவின் அமீர்களைத் தோற்கடித்து அந்நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். சிந்துவைப் பறிக்கத் தங்களுக்கு உரிமையில்லை என்று தம் நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதியவரும் அவரே. தெரிந்தே செய்த அநீதி என்பதால் அதன் சுமை கூடுகிறது. சிந்துவை வென்றதும் ‘நான் பாவம் செய்தேன்’ என்று பொருள்படும் ஒற்றை லத்தீன் சொல்லை அவர் செய்தியாக அனுப்பினார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது அவர் அனுப்பியதல்ல. கேத்தரின் விங்க்வொர்த் என்ற இளம்பெண்ணின் கற்பனை, 1844இல் பஞ்ச் இதழில் வெளிவந்தது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள இவரது சிலைக்குப் பணம் தந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சிப்பாய்கள். நியூசிலாந்தின் நேப்பியர் நகரம் இவர் பெயரைத் தாங்குகிறது.

கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவில் இவர் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, அனஸ்தாசியா என்ற கிரேக்கப் பெண்ணிடம் இரு மகள்கள் பிறந்தனர். அவர்களில் எமிலி, சித்தப்பா ஜார்ஜின் மகனை மணந்தார். நம் முறைப்படி அண்ணன் தங்கை உறவு அது. அங்கே சகோதரர் பிள்ளைகள் மணப்பதற்குத் தடையில்லை. நேப்பியர் வம்சாவளியைத் தமிழ் உறவுச் சொற்களில் வரைந்து பார்ப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

கடல் கிளை

அட்மிரல் சர் சார்லஸ் நேப்பியர் (1786–1860) தம் பெயர்கொண்ட தரைப்படைத் தளபதியோடு அடிக்கடிக் குழப்பிக்கொள்ளப்படுபவர். 1822இல் ஆரன் மான்பி என்ற இரும்பு நீராவிக் கப்பலை லண்டனிலிருந்து ஆங்கிலக் கால்வாய் கடந்து பாரிஸ் வரை செலுத்தினார். போர்ச்சுகலின் உள்நாட்டுப் போரில் தோம் பெத்ரோ தரப்புக் கடற்படைக்குத் தலைமையேற்று, 1833 ஜூலை 5 அன்று செயின்ட் வின்சென்ட் முனையருகே வென்றார். 1840இல் சிரியக் கரையில் சீதோனையும் ஏக்கரையும் தாக்கியதில் முக்கியப் பங்காற்றினார். 1854இல் பால்டிக் கடற்படையின் தலைவராக அனுப்பப்பட்டு, ரஷ்யக் கோட்டைகளைத் தாக்கவில்லை என்ற பழியோடு பதவியிழந்தார். பழுதான ஆயத்தத்தோடு அனுப்பியவர்கள் தப்பிக்க, பழி அவர் தலையில் விழுந்தது என்பதே என் கருத்து.

மூத்த கிளையிலும் கடலோடி உண்டு. ஒன்பதாம் பிரபு வில்லியம் ஜான் (1786–1834) டிரஃபால்கர் போரில் டிஃபென்ஸ் கப்பலின் மிட்ஷிப்மேன். 1834இல் பிரிட்டனின் வணிகக் கண்காணிப்பாளராகச் சீனாவின் கேன்டன் சென்று, சீன அதிகாரிகளோடு மோதி, காய்ச்சலில் மக்காவில் இறந்தார். ஐந்தே ஆண்டுகளில் அபினிப் போர் மூண்டது.

மதுரையும் சென்னையும்

ஆறாம் பிரபுவின் மகள் ஹெஸ்டர், கம்பெனி அதிகாரி சாமுவேல் ஜான்ஸ்டனை மணந்து 1780களில் மதுரையில் வாழ்ந்தார். மூதாதை ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத விரும்பிய குடும்பம் அது. மடக்கைக்கு இணையாக இந்தியக் கணிதத்தில் ஏதும் உண்டா என்று அறிய ஹெஸ்டர் மதுரைப் பண்டிதர்களை அழைத்து உரையாடினார். அவர் அழைப்பின்பேரில் அங்கே வந்தவர்தான் கம்பெனியின் படை அதிகாரி காலின் மெக்கன்சி. தென்னிந்தியச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேர்க்கும் எண்ணம் அவருக்கு அந்த வீட்டுப் பேச்சில்தான் பிறந்தது என்று ஹெஸ்டரின் மகன் சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பின்னர் சாட்சியம் அளித்தார். மதுரையில் தமிழ் கற்று வளர்ந்த அந்த மகன் இலங்கையின் தலைமை நீதிபதியானார்.

மான்ட்ரோஸின் இதயத்தைப் பற்றிச் சொல்பவரும் அவரே. தந்தை தந்த அந்த இதயப் பேழையோடு ஹெஸ்டர் கப்பலேறினார். வழியில் பிரெஞ்சுத் தாக்குதலில் பேழையின் தங்க உறை நொறுங்கியது. மதுரைப் பொற்கொல்லர் ஒருவர் அதே வடிவில் புதிய உறை செய்தார். வெளியே இருந்த வெள்ளிக் கலசத்தில் மான்ட்ரோஸின் வரலாறு தமிழிலும் தெலுங்கிலும் பொறிக்கப்பட்டது. அதை வைத்திருப்பவரைப் போரில் காயம் அண்டாது என்ற பேச்சு பரவ, கலசம் களவுபோய் ஒரு பாளையக்காரரிடம் சேர்ந்தது. சிறுவன் அலெக்சாண்டர் கேட்டதும் அவர் பெருந்தன்மையோடு திருப்பித் தந்தார். குடும்பம் ஐரோப்பா திரும்பிய வேளையில் பிரெஞ்சுப் புரட்சியின் குழப்பத்துக்கு அஞ்சி ஒரு பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்ட இதயம், அதன்பின் கிடைக்கவே இல்லை. இதற்கெல்லாம் ஆதாரம் ஜான்ஸ்டனின் நினைவு ஒன்றே. ஆனாலும் ஒரு ஸ்காட்லாந்து வீரனின் வரலாற்றை மதுரைக் கைவினைஞர்கள் தமிழில் பொறித்தார்கள் என்ற செய்தி, தேடிப் பார்க்கத் தக்கது.

ஆறாம் பிரபுவின் எள்ளுப்பேரன் பிரான்சிஸ், பத்தாம் பிரபு (1819–1898), படைக்குப் போகாமல் தூதரானார். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநர். இந்திய வைஸ்ராய் மேயோ பிரபு கொல்லப்பட்டபோது சில வாரங்கள் தற்காலிக வைஸ்ராய். சென்னையில் கூவம் கடலில் சேரும் இடத்தருகே 1869இல் கட்டப்பட்ட பாலம் நேப்பியர் பாலமானது. இன்று நாம் பார்க்கும் வளைவுகள் பிற்காலத்தவை. சிந்தாதிரிப்பேட்டையின் நேப்பியர் பூங்கா இப்போது மே தினப் பூங்கா. திருவனந்தபுரம் அருங்காட்சியகம் இன்னும் அவர் பெயரிலேயே உள்ளது.

இவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒருவரும் உண்டு. 1868இல் எத்தியோப்பியாவின் மக்தலாக் கோட்டையை வென்ற ராபர்ட் நேப்பியர் கொழும்பில் பிறந்தவர். பெயர் ஒன்றாயினும் அவர் ஆறாம் பிரபுவின் வழியில் வந்தவர் அல்ல.

மதுரையில் சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தவர் பத்தாம் பிரபு. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தங்கை ஹெஸ்டர் வாழ்ந்த ஊர் அது.